வில்லங்கம் ‘இல்லை’ என்று வந்தால்: நிலத்தையும் ஆளையும் பதிவேடுகளில் தேடும்போது முட்டும் இடங்கள்

கையில் ஒரு பழைய பத்திரம், மனத்தில் தாத்தா சொன்ன ஊர்ப் பெயர், கைப்பேசியில் அரசுத் தளம். இந்த மூன்றும் இருந்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்று நம்பித்தான் எல்லோரும் உட்காருகிறோம். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். எங்கள் குடும்பத்து நிலம் ஒன்றைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அதற்குப் பிறகு உறவிலும் தெருவிலும் பலருக்காக இதே வேலையைச் செய்திருக்கிறேன். எல்லோரும் முட்டிக்கொள்வது ஏறக்குறைய அதே ஏழெட்டு இடங்களில்தான்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஒரே துண்டு நிலத்துக்கு மூன்று வீடுகளில் ஜாதகம் இருக்கிறது. வருவாய்த் துறை கேட்ட கேள்வி, ‘இந்த நிலத்துக்குத் தீர்வை யார் கட்டுகிறார்?’ அதற்கான விடைதான் பட்டா, சிட்டா, அ-பதிவேடு (கிராமத்துப் புலங்கள் எல்லாவற்றின் பட்டியல்), அடங்கல் (சாகுபடிக் கணக்கு). பதிவுத் துறை கேட்டது, ‘யார் யாருக்கு என்ன எழுதிக் கொடுத்தார்?’ அது பத்திரமும் வில்லங்கச் சான்றும் (அந்தச் சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல்). உள்ளாட்சி கேட்டது, ‘இந்தக் கட்டடத்துக்கு வரி யார் தருகிறார், இங்கே யார் பிறந்தார், யார் இறந்தார்?’ நெடுங்காலம் இந்த மூன்று வீடுகளுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அதனால் ஓரிடத்தில் ‘இல்லை’ என்று வந்தால் நிலமே இல்லை என்று மனம் உடைய வேண்டாம். பெரும்பாலும் கேள்வியைத் தவறான வீட்டில் கேட்டிருப்பீர்கள்.

சர்வே எண்ணைக் கொடுத்தால் பதிவே இல்லை என்கிறது

முதலில் எண்ணின் வயதைப் பாருங்கள். பத்திரம் 1950களிலோ 60களிலோ எழுதப்பட்டது என்றால் அதில் இருப்பது பழைய சர்வே எண். 1979இல் தொடங்கி 1987 வரை மாநிலம் முழுவதும் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது கிராமங்களில் இன்றும் ‘யு.டி.ஆர்.’ என்று சொல்லப்படுவதில், ஏராளமான உட்பிரிவு எண்களும் பட்டா எண்களும் மாறின. மறு நில அளவை நடந்த ஊர்களில் சர்வே எண்ணே மாறியிருக்கும். பழைய எண்ணுக்கு எதிரே புதிய எண்ணைக் காட்டும் ஒப்புமைப் பட்டியல் வட்டாட்சியர் அலுவலக நில அளவைப் பிரிவில் இருக்கும். ‘கோரிலேஷன் வேண்டும்’ என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள்.

எண் புதியதுதான், ஆனாலும் வரவில்லை என்றால், அது தாய் எண்ணாக இருக்கலாம். 124/2 என்ற புலத்தை யாரோ இரண்டாக்கி உட்பிரிவு செய்தவுடன் 124/2 என்பது பதிவேட்டிலிருந்து மறைந்துவிடும். அதன் இடத்தில் 124/2ஏ, 124/2பி வந்திருக்கும். அவையும் பிரிந்திருந்தால் 2ஏ1, 2ஏ2 என்று வால் நீளும். ஆகவே 124 என்று மட்டும் கொடுத்து, தளம் காட்டும் உட்பிரிவுப் பட்டியல் முழுவதையும் பாருங்கள்.

அடுத்த முட்டுச்சந்து ஊர்ப் பெயர். நாம் ‘ஊர்’ என்று சொல்வது பல நேரங்களில் குக்கிராமம். பதிவேட்டில் இருப்பது வருவாய்க் கிராமம். ஊராட்சியின் பெயர் மூன்றாவதாக வேறொன்றாக இருக்கும். என் அம்மா பிறந்த ஊரின் பெயர் எந்த வருவாய்ப் பட்டியலிலும் கிடையாது. நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஏரிக்கரை ஊரின் பெயரில்தான் அத்தனை புலங்களும் அடங்கியிருக்கின்றன. அங்கே யாரிடமாவது பழைய தீர்வை ரசீது இருந்தால் வாங்கிப் பாருங்கள்; கிராமத்தின் பெயரும் எண்ணும் அதிலேயே இருக்கும்.

மாவட்டமும் வட்டமும் பிரிந்திருக்கின்றன. 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், 2020இல் மயிலாடுதுறை. ‘திருநெல்வேலி ஜில்லா’ என்று பத்திரத்தில் இருப்பதைத் திருநெல்வேலியில் தேடிக்கொண்டிருந்தால் சங்கரன்கோவில் நிலம் எப்படிக் கிடைக்கும்?

வீட்டுமனையாக இருந்தால் இன்னொரு சிக்கல். ஊரின் குடியிருப்புப் பகுதி நத்தம் என்று தனியாகவும், நகரப் பகுதி வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்று தனியாகவும் வைக்கப்பட்டிருக்கும். ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ சேவைத் தளத்தில் ஊரகம், நத்தம், நகர்ப்புறம் மூன்றும் வெவ்வேறு இழுப்பறைகள். ஒன்றில் இல்லாவிட்டால் மற்ற இரண்டையும் இழுத்துப் பாருங்கள்.

நிலம் வருகிறது, ஆனால் பரப்பு குறைகிறது

பாதிப் பேருக்கு இது வெறும் அளவுக் குழப்பம். பத்திரத்தில் ஏக்கர், சென்ட். சிட்டாவில் ஹெக்டேர், ஏர். சிட்டாவில் ‘0 - 40.50’ என்று இருந்தால் அது 40.50 ஏர், ஒரு ஏருக்கு 2.47 சென்ட் என்று பெருக்கினால் நூறு சென்ட், அதாவது முழு ஒரு ஏக்கர். ‘ஒரு ஏக்கர் என்றார் அப்பா, நாற்பது சென்ட்தான் இருக்கிறது’ என்று சித்தப்பாவோடு சண்டைக்குப் போன ஒருவரை எனக்குத் தெரியும். இன்றுவரை இரு குடும்பங்களும் பேசிக்கொள்வதில்லை.

தஞ்சைப் பக்கத்துப் பத்திரம் என்றால் குழி, மா, வேலி வரும். 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்பது அங்கே வழங்கும் கணக்கு. மா என்பது சுமார் 33 சென்ட். வேறு பகுதிகளில் குழியின் அளவு மாறும். ஆகவே பத்திரத்தில் குழிக்கோலின் அளவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய புலப்படத்தில் கோடுகளின் மேல் இருக்கும் எண்கள் அடியுமல்ல, மீட்டருமல்ல. அவை நிலம் அளக்கும் சங்கிலியின் கண்ணி, அதாவது லிங்க். ஒரு லிங்க் 7.92 அங்குலம், நூறு லிங்க் 66 அடி. புதிய படங்களில் மீட்டர். இதைக் கவனிக்காமல் வேலி போட்டு, பிறகு பிடுங்கியவர்கள் உண்டு.

இத்தனை கணக்கும் சரியாக இருந்தும் குறைகிறது என்றால், சாலைக்கோ வாய்க்காலுக்கோ எடுத்திருக்கலாம், அல்லது பக்கத்துப் புலத்தோடு சேர்ந்திருக்கலாம். அதற்கு நில அளவையர் வந்து அளக்க வேண்டும். பதிவேட்டில் உட்கார்ந்துகொண்டு தீர்க்க முடியாது.

பட்டாவில் முன்பின் தெரியாத பெயர் இருக்கிறது

பதறாதீர்கள். பட்டாவில் பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. பெயர் இல்லாததால் உரிமை போய்விடுவதுமில்லை. நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆனால் அந்தப் பெயர் எந்த ஆண்டில் நுழைந்தது என்பதைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

அதற்கு ஒரே புலத்துக்கு மூன்று காலத்துப் பக்கங்களை அருகருகே வையுங்கள். யு.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மென்ட் நிலப் பதிவேடு (எஸ்.எல்.ஆர். என்பார்கள்), யு.டி.ஆர். காலத்து அ-பதிவேடு, இன்றைய கணினிப் பதிவு. முதல் பதிவேட்டில் உங்கள் தாத்தா பெயர், இரண்டாவதில் வேறு பெயர் என்றால் அது யு.டி.ஆர். பிழை. முதல் இரண்டிலும் சரியாக இருந்து கணினியில் மட்டும் மாறியிருந்தால் தட்டச்சுப் பிழை. வட்டாட்சியர் அலுவலகத்திலேயே திருத்தம் கேட்கலாம். யு.டி.ஆர். பிழை அப்படி எளிதில் தீராது. கோட்டாட்சியர் அல்லது மாவட்ட வருவாய் அலுவலர் மட்டத்துக்கு மனு போகும். மூன்றிலும் பெயர் ஒழுங்காக மாறி மாறி வந்திருந்தால், அது பிழையே அல்ல. யாரோ விற்றிருக்கிறார்கள். பதிவுத் துறைக்குப் போங்கள்.

யு.டி.ஆர். காலத்தில் ஊரில் இருந்தவர்கள் சொன்னது பதிவாயிற்று. பம்பாயிலும் பினாங்கிலும் இருந்தவர்களுக்காகப் பேச ஆளில்லை. அதிகம் பார்ப்பது இதுதான்: நான்கு அண்ணன் தம்பிகளின் நிலத்தில், ஊரோடு இருந்த மூத்தவர் பெயர் மட்டும் ஏறியிருக்கும். அவர் மோசம் செய்தார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தீர்வை கட்டுகிறவர் பெயரைக் கேட்டிருப்பார்கள், அவரும் சொல்லியிருப்பார். சிக்கல் அவருடைய பேரன்மார் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும்போது தொடங்குகிறது.

கையெழுத்துப் பதிவேடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1980 நவம்பரில் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டன; அதன் பின் வந்தவர்கள்தான் கிராம நிர்வாக அலுவலர்கள். அந்தக் கைமாற்றத்தின்போது எல்லாக் கணக்கும் ஒழுங்காக ஒப்படைக்கப்பட்டதாகச் சொல்ல முடியாது. கிராம அலுவலகத்தில் ஒரு பதிவேடு இல்லை என்றால் அதன் படி வட்டாட்சியர் அலுவலகத்திலோ ஆட்சியர் அலுவலக ஆவண அறையிலோ இருக்கலாம்.

வில்லங்கச் சான்று ‘நில்’ (ஒன்றும் இல்லை) என்று வருகிறது

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. பதிவுத் துறைத் தளத்தில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், கால அளவு கொடுத்தால் கட்டணமின்றியே பார்த்துவிடலாம். ஒன்றும் வரவில்லை என்றால் ‘சொத்து சுத்தம்’ என்று தரகர் கை குலுக்குவார். அந்தக் காகிதம் சொல்வது அதுவல்ல. ‘நீங்கள் கொடுத்த அலுவலகத்தில், நீங்கள் கொடுத்த எண்ணின் கீழ், நீங்கள் கொடுத்த ஆண்டுகளில், முதலாம் புத்தகத்தில் நான் ஒன்றும் பார்க்கவில்லை’ என்று மட்டுமே அது சொல்கிறது. இந்த நான்கில் எது பிசகினாலும் விடை நில்தான்.

முதலில் எண். 1990இல் எழுதிய பத்திரத்தில் ‘124/2இல் தென்புறம் 50 சென்ட்’ என்று இருக்கும். அது 124/2 என்ற தலைப்பில்தான் பதிவாகியிருக்கும். இன்றைய பட்டாவில் இருக்கும் 124/2பி-யைக் கொடுத்தால் அது தலைகாட்டாது. ஆகவே இன்றைய உட்பிரிவு, அதன் தாய் எண், பழைய சர்வே எண், உட்பிரிவே இல்லாத வெறும் 124 என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தேடுங்கள்.

அலுவலகம். கிராமங்கள் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருக்கின்றன. இன்று உங்கள் கிராமம் எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ, 1985இல் அங்கே இருந்திருக்க வேண்டியதில்லை. இரண்டிலும் போடுங்கள்.

காலம். கணினியில் ஏறியதற்கு முந்தைய ஆண்டுகளுக்குத் தளம் பதில் சொல்லாது. அந்தக் காலத்துக்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்து, ஆள் உட்கார்ந்து அட்டவணைப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். இணையத்தில் கிடைத்ததை மட்டும் வைத்து ‘முப்பது வருட ஈ.சி. (வில்லங்கச் சான்று) பார்த்துவிட்டேன்’ என்பவர்கள் ஐம்பது வருடத்துக்கு முந்தைய பாகப்பிரிவினையைப் பார்க்கவே இல்லை.

நான்காவது, புத்தகம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஒவ்வொரு அலுவலகத்திலும் வெவ்வேறு புத்தகங்கள் உண்டு. அசையாச் சொத்து ஆவணங்கள் முதலாம் புத்தகத்தில். உயில் மூன்றாம் புத்தகத்தில். மற்றவை நாலாம் புத்தகத்தில். வில்லங்கச் சான்று பார்ப்பது முதலாம் புத்தகத்தை. உயில் அதில் வராது. உயிலைப் பதிய வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. பழைய பொது அதிகாரப் பத்திரங்கள் நாலாம் புத்தகத்தில் கிடக்கும். 2012ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தத்துக்குப் பிறகுதான் அசையாச் சொத்து தொடர்பான அதிகாரப் பத்திரத்துக்கும் விற்பனை உடன்படிக்கைக்கும் பதிவு கட்டாயமாயிற்று. ஆகவே அதற்கு முந்தைய அதிகாரப் பத்திரத்தின் பேரில் விற்ற நிலம் என்றால், முகவர் கையெழுத்திட்ட நாளில் அதிகாரம் கொடுத்தவர் உயிருடன் இருந்தாரா என்று கட்டாயம் பாருங்கள். இதற்குத் தேவை வில்லங்கச் சான்று அல்ல, இறப்புச் சான்று. வீடு மாறித் தேடச் சொன்னேனே, அதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஐந்தாவதாக ஒரு வினோதம். அதே பதிவுச் சட்டத்தின் பழைய 30(2) பிரிவின்படி, இந்தியாவில் எங்கே இருக்கும் நிலத்தின் பத்திரத்தையும் சென்னை, பம்பாய், கல்கத்தா, டெல்லி ஆகிய நகரங்களின் பதிவாளரிடம் பதிய முடிந்தது. 2001இல்தான் அது நீக்கப்பட்டது. அதுபோலவே, பட்டியலில் வேறு ஊரில் ஒரு சிறு துண்டைச் சேர்த்துவிட்டு, அந்த ஊர் அலுவலகத்தில் முழுச் சொத்தையும் பதிந்துவிடும் தந்திரமும் இருந்தது. அப்படிப் பதிந்தால் நிலம் இருக்கும் ஊர் அலுவலகத்துக்குக் குறிப்பு அனுப்பிச் சேர்க்க வேண்டும் என்பது விதி. அந்தக் குறிப்பு வழியில் தொலைந்தால்? உள்ளூர் வில்லங்கத்தில் பத்திரம் இருக்காது, சென்னையில் இருக்கும். குடும்பத்தில் யாராவது அந்தக் காலத்தில் சென்னையில் குடியிருந்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

பதிவாகாதவை என்று ஒரு பெருங்கூட்டமும் உண்டு: வாய்மொழிப் பாகப்பிரிவினை, பதியாத ஒத்தி, வங்கியில் பத்திரத்தை மட்டும் ஒப்படைத்து வாங்கிய பழைய கடன், நடந்துகொண்டிருக்கும் வழக்கு. இவற்றை எந்த எண்ணைக் கொடுத்தும் காண முடியாது. அசல் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். ‘பீரோ சாவி தம்பியிடம் இருக்கிறது’ என்று மூன்று முறை சொன்னால் நாலாவது முறை போகாதீர்கள்.

தலைகீழான நோயும் உண்டு: கடன் அடைந்துவிட்டது, ஆனால் வில்லங்கத்தில் அடமானம் இன்னும் நிற்கிறது. வங்கியோ கடன் கொடுத்தவரோ ரசீது ஆவணம் பதிந்து கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

வில்லங்கம் இல்லை, பட்டாவும் இருக்கிறது, ஆனால் பதிய மறுக்கிறார்கள்

அ-பதிவேட்டின் குறிப்புக் கலத்தைப் பாருங்கள். பட்டாவில் அது வராது. அரசுப் புறம்போக்கு, கோயில் நிலம், வக்ஃப், பூதானம், நில உச்சவரம்பில் எடுத்தது என எதுவாகவும் இருக்கலாம். பதிவுத் துறைத் தளத்தில் அந்தப் புலத்துக்கு வழிகாட்டி மதிப்பு பூஜ்யம் என்று இருந்தால் பதிவுக்குத் தடை இருக்கிறது என்பதற்கு நல்ல அறிகுறி.

பழைய பதிவேட்டில் ‘டி.சி.’ (‘டிப்ரஸ்ட் கிளாஸ்’) என்ற குறிப்பைக் கண்டால் நில்லுங்கள். அது பஞ்சமி நிலமாக இருக்கக்கூடும். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் தந்த அறிக்கையை ஒட்டி 1892இல் பட்டியல் சாதி மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலம். வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது என்பது நிபந்தனை. பிற்காலத்தில் வந்த பட்டாவில் நிபந்தனை காணாமல் போயிருக்கும்; பழைய பதிவேட்டில் இருக்கும். இங்கே நான் ‘எப்படிச் சரிசெய்வது’ என்று சொல்லப் போவதில்லை. வாங்காதீர்கள். உங்கள் கையில் ஏற்கெனவே இருந்தால், அது யாருடையது என்று விசாரியுங்கள்.

மூலப் பத்திரம் தொலைந்துவிட்டது

ஆவண எண், ஆண்டு, அலுவலகம். இந்த மூன்றும் இருந்தால் சான்றிட்ட நகல் வாங்குவது எளிது. ஆவண எண் ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஆகவே எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பயனில்லை. எண் தெரியாவிட்டால் அதற்குப் பின் எழுதிய ஏதாவது பத்திரத்தைத் தேடுங்கள். ‘எனக்கு 1968ஆம் வருடத்திய இத்தனையாம் நம்பர் கிரயப் பத்திரப்படி பாத்தியப்பட்ட’ என்று அதில் பூர்வோத்திரம் எழுதியிருப்பார்கள். வங்கியில் கடன் வாங்கியிருந்தால் வங்கி வழக்கறிஞரின் சட்டக் கருத்துரையில் முழு வரலாறும் இருக்கும். அதைக் கேட்டு வாங்கத் தோன்றுவதே இல்லை நமக்கு.

ஒரு எண்ணும் கிடைக்காவிட்டால் பெயரால் தேட வேண்டும். பதிவுச் சட்டப்படி வைக்கப்படும் முதலாம் அட்டவணை எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயர்களால் ஆனது. இரண்டாம் அட்டவணை சொத்தால் ஆனது. முதலாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று 57ஆம் பிரிவு சொல்கிறது. உயில் புத்தகம் அப்படியல்ல: எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டும், இறந்த பிறகு யார் கேட்டாலும் நகல் தரலாம்.

பெயர் இருக்கிறது, ஆள் எங்கே என்று தெரியவில்லை

கூட்டுப் பட்டாவில் உங்கள் தாத்தா பெயரோடு இன்னும் ஐந்து பெயர்கள். இருவரை யாருக்கும் தெரியாது. அவர்களையோ அவர்களின் வாரிசுகளையோ கண்டுபிடித்தால்தான் உட்பிரிவு செய்ய முடியும்.

பட்டா தருவது பெயரும் தந்தை பெயரும் மட்டும். பத்திரம் அதைவிட வாயாடி. எழுதிக் கொடுத்தவரின் வயது, தந்தை பெயர், தொழில், கதவு எண், தெரு எல்லாம் சொல்லும். ஆனால் நான் முதலில் படிப்பது கடைசிப் பக்கத்தை. சாட்சிகளின் பெயரும் ஊரும் அங்கேதான் இருக்கும். மச்சானோ பங்காளியோ பக்கத்து வீட்டுக்காரரோதான் சாட்சிக்கு வருவார். அடுத்து நான்கெல்லை: ‘கிழக்கே இன்னார் புஞ்சைக்கு மேற்கு’. பக்கத்து நிலத்துக்காரர் குடும்பம் ஊரைவிட்டுப் போயிருக்காது. ‘அவர் பெண்ணை ராஜபாளையத்தில் கொடுத்திருக்கிறது’ என்ற ஒரு வரிச் செய்தி எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. பக்கத்து வயல்காரரிடம் இருக்கும்.

ஒரே பெயரில் இருவர் இருந்தால் தந்தை பெயரால் பிரிக்கலாம். நம் ஊரில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் அதுவும் சில நேரம் கைகொடுக்காது: முத்தையாவின் மகன் கருப்பையா, கருப்பையாவின் மகன் முத்தையா, அவர் மகன் மீண்டும் கருப்பையா. பத்திரத்தின் ஆண்டிலிருந்து அதில் உள்ள வயதைக் கழித்து, பிறந்த ஆண்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1962இல் ‘சுமார் 50’ என்று இருப்பவர் 1994இல் கையெழுத்திட்டிருந்தால், அப்போது அவருக்கு எண்பதுக்கு மேல் ஆகியிருக்கும்; அது அவருடைய பேரனாகவும் இருக்கலாம். மனைவி பெயரும் நல்ல அடையாளம்.

வாக்காளர் பட்டியல் வீட்டு எண் வரிசையில் இருப்பதால் ஒரே வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதைக் காட்டும். 2025இல் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தை ஒட்டி 2002, 2005 காலத்துப் பட்டியல்களும் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. 2008 தொகுதி மறுவரையறைக்கு முந்தையவை என்பதால் அவற்றைப் பழைய தொகுதிப் பெயரில் தேட வேண்டும். இன்று இல்லாத தொகுதிகள் அதில் பல.

இறந்திருப்பார் என்று நினைத்தால் இறப்புப் பதிவு. இங்கே ஒரு பொறி: இறப்பு பதிவாவது குடியிருந்த ஊரில் அல்ல, இறந்த இடத்தில். கிராமத்துப் பெரியவர் மதுரையில் மருத்துவமனையில் இறந்திருந்தால் பதிவு மதுரை மாநகராட்சியில். ஊரில் ‘பதிவே இல்லை’ என்று சொல்வது பொய்யல்ல. எங்கும் பதியவில்லை என்றால், ‘பதிவு இல்லை’ என்ற சான்றை வாங்கிக்கொண்டு காலங்கடந்த பதிவுக்கு மனுச் செய்ய வேண்டும். ஓராண்டைத் தாண்டியவற்றுக்கு நீதிமன்ற நடுவர் உத்தரவு வேண்டும் என்றிருந்ததை 2023ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் மாற்றி, வருவாய் நிர்வாகத்தின் நடுவர்களிடம் கொடுத்துவிட்டது.

ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை என்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் அனுமானம். அதை வைத்து வட்டாட்சியர் வாரிசுச் சான்று தந்துவிடமாட்டார். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

தேடிக் கண்டுபிடித்த ஆள் பேச விரும்பவில்லை என்றால், கதவைத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள். பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போதும். குடும்பச் சண்டையில் ஊரைவிட்டுப் போனவர்களுக்கு அதற்கான காரணம் இருக்கும். வேறொருவர் ‘இந்த ஆளின் முகவரி வேண்டும்’ என்று உங்களிடம் வந்தால், எதற்கு என்று கேட்காமல் தேடிக் கொடுக்காதீர்கள்.

‘அந்தப் பதிவேடே இல்லை, கிழிந்துவிட்டது’ என்கிறார்கள்

வாய்மொழியாகச் சொல்லும்வரை அது பதில் அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் மனுப் போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. மனுவை எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ‘இந்த நிலம் யாருக்குச் சொந்தம்?’ என்று கேட்டால் ‘தகவல் என்ற வரையறைக்குள் வராது’ என்று திருப்பி அனுப்புவார்கள், அது சரியும்கூட. ‘இன்ன கிராமம், சர்வே எண் 124/2க்கான யு.டி.ஆர். அ-பதிவேட்டுப் பக்கத்தின் நகல்’, ‘மேற்படி புலத்துக்கு இன்ன ஆண்டில் பெயர் மாற்றம் செய்த உத்தரவின் நகலும் கோப்பு எண்ணும்’ என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மனுவில் ஒரு புலம். பத்துப் புலங்களை ஒரே மனுவில் அடுக்கிய என் முதல் மனுவுக்குப் பத்தில் இரண்டுக்கு மட்டும் பதில் வந்தது.

‘மேற்படி பதிவேடு இவ்வலுவலகத்தில் இல்லை’ என்று எழுத்தில் வந்தாலும் பத்திரப்படுத்துங்கள். அசல் இல்லாதபோது இரண்டாம் நிலைச் சான்றைக் காட்ட நீதிமன்றத்தில் அந்தக் கடிதம் உதவும். அதே கேள்வியை இப்போது ஆட்சியர் அலுவலக ஆவண அறைக்கு அனுப்புங்கள். மிகப் பழைய செட்டில்மென்ட் ஆவணங்கள், ஜமீன் ஒழிப்புக்கு முந்தையவை என்றால் சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் விட்டுவைக்காதீர்கள். எங்கள் நிலம் இருந்த பதிவேட்டுப் பக்கம் எனக்குக் கிடைத்தது ஆட்சியர் அலுவலகத்தில்தான்: கரையான் அரித்த பதிவேட்டில், பக்கத்தின் கீழ்ப்பாதி இல்லை, எங்கள் புலம் மேல்பாதியில் இருந்தது.